பின்னறைத் தரை

ஓர் அறையைப் பெரிதாகக் காட்ட வேண்டுமென்றால், வாசலில் நின்று படம் எடுக்கக் கூடாது. எதிர் மூலையில் குந்தி உட்கார்ந்து, கேமராவைத் தாழ்வாகப் பிடிக்க வேண்டும். பதினாறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. இணையத்தில் வீடுகளை ஏலம் விடும் நிறுவனத்துக்குப் படம் எடுப்பேன், நாலு வரி விவரம் எழுதுவேன், ஏலம் முடிந்ததும் எடுத்தவர் கையில் சாவி கொடுப்பேன். நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள், சார். அதனால் ஒன்றையும் விடாமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டுச் சொந்தக்காரர் இறந்துபோயிருந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். பின்னறைத் தரை முழுக்கப் பச்சை நிற ரெக்சின் விரிப்பு. நடுவில் கால் வைத்தேன், உள்வாங்கியது. விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் பலகைகள், உளுத்துப் போனவை. இடுக்கில் ஒரு திருகாணியைப் போட்டேன். ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் தண்ணீர்ச் சத்தம். கொல்லைக் கிணற்றைத் தூர்க்காமல் அதன்மேலேயே அறையை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

விரிப்பைப் பழையபடி நீவிவிட்டேன். மூலையில் கிடந்த மேசையை ஓரமாக இழுத்துப் போட்டுப் படம் எடுத்தேன். நல்ல வெளிச்சம். ‘பின்னறைத் தரைக்குச் சிறு பராமரிப்பு தேவை’ என்று எழுதினேன். அதில் பொய் ஏதுமில்லை.

அதற்கு முன்பு மூன்று வீடுகளுக்கு உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தேன். ஏலத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மேலாளர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். “நீ எழுதுறதைப் படிச்சா பேய்கூட அந்த வீட்டுக்குக் குடி வராதுய்யா.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேலும், ‘வாங்குபவர் நேரில் பார்த்துத் திருப்தியடைந்ததாகக் கருதப்படும்’ என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கிறது. பார்க்காமல் எடுத்தால் அது அவரவர் பாடு.

அவர் பார்க்காமல்தான் எடுத்தார். ரொட்டி போடுகிறவர், வெளியூர். மனைவி மருத்துவமனையில் நர்ஸ், ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. சாவி வாங்கிக்கொண்டபோது என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“உங்க படத்தை நம்பித்தாண்ணே எடுத்தோம். லீவு கிடைக்கல, வந்து பாக்க முடியல. என் பொண்ணு போன்ல அந்தப் பின் ரூமையே பாத்துட்டுக் கிடந்தா.”

பத்து நாள் கழித்துக் கையெழுத்து ஒன்று விட்டுப்போனதற்காக அங்கே போனேன். அவர் மனைவி டீ போட்டுக் கொடுத்தார். ரொட்டிக்காரர் பின்னறையில் மாவு பிசையும் மெஷின் வைத்து, வீட்டிலேயே தொழில் தொடங்கப் போகிறாராம்.

“தரை கொஞ்சம் தொம் தொம்முனு கேக்குதே. தாங்குமாண்ணே?” என்று கேட்டார்.

“பழைய வீடுன்னா அப்படித்தான் கேக்கும். தாராளமா வைங்க” என்றேன்.

வேறென்ன சொல்வது? தாங்காது என்றால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரே. டீ நன்றாக இருந்தது. மகள் அந்த அறையில்தான் கயிறு தாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் அது மனதை அரித்தது. சொல்லிவிடலாம் என்றுதான் மூன்றாம் நாள் மத்தியானம் போனேன். இதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும். வாசல் கதவு திறந்திருந்தது. கூப்பிட்டேன், பதிலில்லை. பின்னறையில் மெஷின் ஒரு பக்கம் சாய்ந்து பலகை உடைந்த ஓட்டையின் விளிம்பில் தொத்திக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். கிணற்றுக்குள் கழுத்தளவு தண்ணீரில், ரொட்டிக்காரர் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“வந்துட்டீங்களாண்ணே! ஒரு கயிறு போடுங்க. காலு தரையில பாவ மாட்டேங்குது.”

“இதோ எடுத்துட்டு வர்றேன்” என்றேன்.

கயிறு என் வண்டியிலேயே இருந்தது, பீரோ, மேசைகளைக் கட்டி இழுப்பதற்காக. அதைக் கையிலும் எடுத்துவிட்டேன். மேலே வந்ததும் அவர் முதலில் என்ன கேட்பார் என்று யோசித்தேன். ‘அப்புறம் எதுக்கு தாராளமா வைங்கன்னு சொன்னீங்க?’ அதற்கு ஒரு பதில் தேடினேன், சார். நிஜமாகவே தேடினேன். அகப்படவில்லை. கயிற்றைச் சுருட்டி, இருந்த இடத்தில் வைத்தேன்.

அவர் இரண்டு மணி நேரமாவது பிடித்துக்கொண்டிருந்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். ஏதோ சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா வந்து கதவைத் தட்டியிருக்கிறார். பூட்டியிருந்ததால் ஆளில்லை என்று போய்விட்டாராம். அந்தக் கதவைச் சாத்தியதும் நான்தான். சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து நேரே பின்னறைக்கு ஓடிவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். அப்படியே திறந்து போட்டுவிட்டு வர மனம் கேட்கவில்லை. ஈவிரக்கம் இல்லாதவன் என்று மட்டும் என்னை எழுதிவிடாதீர்கள்.