மாமனார் வண்டிக்கு வூஃபர்

மாமனார்: அது வேணாம் மாப்ள. சீட்டுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு முணுமுணுக்கிறதெல்லாம் வேணாம். பெருசு காட்டுங்க.

மாப்பிள்ளை: மாமா, உங்க வண்டியில பாட்டு தம்தம்னு அதிர இந்தச் சின்ன வூஃபரே அதிகம். சத்தத்தைக் கூட்டுற ஆம்பும் இதுக்குள்ளேயே இருக்கு. தனியா எதுவும் மாட்ட வேண்டியதில்ல. ரெண்டு மணி நேரத்துல...

மாமனார்: ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருமா?

மாப்பிள்ளை: முடிஞ்சிரும்.

மாமனார்: அப்ப அது என்ன வூஃபரு! அதோ, மேல் தட்டுல இருக்கே, அண்டா மாதிரி. அது?

மாப்பிள்ளை: அது பன்னெண்டு இஞ்ச் மாமா. ரிட்டயர்டு பஸ் டிரைவர் கேக்குற சாமானா அது? போன வாரம் அதை வாங்கிட்டுப் போனவனுக்கு இன்னும் மீசை கூட சரியா முளைக்கல.

மாமனார்: எனக்கு நரைச்சே போச்சு. சீனியாரிட்டி பாத்து குடுங்க.

மாப்பிள்ளை: உங்க பொண்ணு என்னைக் கொன்னுடுவா.

மாமனார்: பத்து வருஷமா கொல்லாதவ இன்னிக்கா கொல்லப் போறா? எடுங்க.

மாப்பிள்ளை: ம்... அப்பா... இந்த இடுப்பு...

மாமனார்: என்னாச்சு?

மாப்பிள்ளை: நேத்து முழுக்க ஒரு வேனுக்கு அடியில படுத்துக் கிடந்தேன். ராத்திரி சரியா தூக்கமும் இல்ல. பிடிங்க. பாத்து, கனம்.

மாமனார்: நீங்க ஏன் தூங்கல?

மாப்பிள்ளை: சும்மாதான். சரி, சொல்லுங்க. பாட்டே கேக்காத ஆளு. திடீர்னு எதுக்கு இது?

மாமனார்: வண்டியில இருக்கிற ஸ்பீக்கர் சரியில்ல. செய்தி படிக்கிறவன் வாயில தண்ணிய வச்சுக்கிட்டுப் படிக்கிற மாதிரி இருக்கு. கொழகொழன்னு.

மாப்பிள்ளை: ஸ்பீக்கர்தானா?

மாமனார்: பின்ன வேற என்ன?

மாப்பிள்ளை: ...ஒண்ணுமில்ல. மாமா, பெருசு வேணும்னா அதை வைக்க ஒரு பாக்ஸ் செய்யணும். டிக்கி அளவு எடுத்து, பலகை அறுத்து, ஒட்டி, காய வச்சு... நாலு நாள் வண்டி இங்கேயே நிக்கணும்.

மாமனார்: நிக்கட்டும்.

மாப்பிள்ளை: நாலு நாள் மாமா.

மாமனார்: அதான் நிக்கட்டும்னு சொல்லிட்டேனே. அஞ்சு நாள்னாலும் சரி.

மாப்பிள்ளை: இல்ல... நீங்க சண்டை போடுவீங்கன்னு நெனச்சேன். ஒரு மணி நேரம் சர்வீஸுக்கு விட்டாலே வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவீங்களே.

மாமனார்: வயசாயிருச்சு. பொறுமை வந்துருச்சு.

மாப்பிள்ளை: ஒரு நிமிஷம் மாமா, போன்... ஹலோ. ம். இங்கதான். இல்ல, இன்னும் இல்ல. சொல்றேன்... சொல்றேன்னு சொன்னேன்ல? வை.

மாமனார்: யாரு, என் பொண்ணா?

மாப்பிள்ளை: இல்ல... கஸ்டமர்.

மாமனார்: கஸ்டமரை ‘வை’ன்னு சொல்ற கடை ஊர்லயே உங்களோடது ஒண்ணுதான்.

மாப்பிள்ளை: பழகின கஸ்டமர். நல்லாத் திட்டும். டீ சொல்லட்டுமா?

மாமனார்: ஏற்கெனவே ரெண்டு ஆச்சு.

மாப்பிள்ளை: மாமா... அந்த நாலு நாள் விஷயம். ரெடியா ஒரு பாக்ஸ் கிடக்கு. அளவு சரியாத்தான் இருக்கும்போல. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம்.

மாமனார்: எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே!

மாப்பிள்ளை: பரவால்ல. முடிச்சிடுறேன். பானெட்டைத் திறங்க.

மாமனார்: பாட்டு பின்னாடி கேக்கணும்னா பானெட்டை ஏன் திறக்கணும்?

மாப்பிள்ளை: ஆம்புக்குக் கரண்டு நேரா பேட்டரியிலேர்ந்து வரணும். பழைய வயர்ல குடுத்தா பொசுங்கிடும். இதோ பாருங்க, விரல் தடிமன். பேட்டரிக்குப் பக்கத்துலேயே ஒரு ஃபியூஸ். அப்படியே உள்ள விட்டு, இந்தப் பக்கக் கதவோரமா பின்னால கொண்டு போகணும். செட்லேர்ந்து பாட்டு வர்ற வயர் அந்தப் பக்கக் கதவோரமா.

மாமனார்: ரெண்டையும் சேத்து ஒரே பக்கமா விட்டா என்ன?

மாப்பிள்ளை: சேராது. பாட்டுக்கு நடுவுல இஞ்சின் சத்தம் உய்ய்ய்னு அழும். தள்ளித் தள்ளி வச்சாத்தான் ரெண்டும் ஒழுங்கா இருக்கும்.

மாமனார்: உங்க அத்தையும் நானும் மாதிரி.

மாப்பிள்ளை: அத்தைகிட்ட சொல்லட்டுமா?

மாமனார்: சொல்லுங்க. நான் இங்க கடையிலேயே படுத்துக்கிறேன்... என்ன மாப்ள, படியில இருக்கிற பிளாஸ்டிக்கை இப்படிப் பேத்து எடுக்குறீங்க? உடையப் போகுது.

மாப்பிள்ளை: கிளிப்புதான். நீங்க போய் உக்காருங்க.

மாமனார்: உக்காந்து உக்காந்து அலுத்துப் போச்சு. வாலு எப்படி இருக்கா?

மாப்பிள்ளை: இருக்கா. ஸ்கூலுக்குப் போயிருக்கா.

மாமனார்: உங்க பொண்ணு ரெண்டு நாளா போன்ல என்கிட்ட பேசவே இல்ல. ‘தாத்தா, வேலை இருக்கு’ங்கிறா. ஒன்பது வயசுல என்ன வேலை அவளுக்கு?

மாப்பிள்ளை: மாமா, அந்த டார்ச்சை இப்படி காட்டுங்க. இன்னும் கீழ... ஆங். இந்த இடத்துல பெயின்ட்டைச் சுரண்டிட்டு எர்த்தைப் போட்டாத்தான் பிடிக்கும்.

மாமனார்: புது பெயின்ட்டு மாப்ள!

மாப்பிள்ளை: கார்ப்பெட்டுக்குக் கீழதான். யார் பாக்கப் போறா?

மாமனார்: ...சுரண்டுங்க, சுரண்டுங்க. இனி என்ன!

மாப்பிள்ளை: என்ன மாமா, இப்படிச் சொல்றீங்க? உங்க வண்டியில ஒரு கீறல் விழுந்தா மூணு நாள் சாப்பிட மாட்டீங்களே.

மாமனார்: பஸ் ஓட்டினப்ப, முப்பத்து நாலு வருஷம், ஒரு கீறல் கிடையாது. டெப்போல போர்டே வச்சாங்க என் பேரைப் போட்டு. தெரியுமா?

மாப்பிள்ளை: கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். பொண்ணு பாக்க வந்தப்ப முதல்ல அதைத்தான் சொன்னீங்க. பொண்ணையே அப்புறம்தான் காட்டினீங்க.

மாமனார்: அந்தப் பஸ்ஸுல இஞ்சின் உள்ளே இருக்கும் மாப்ள. இங்க, முழங்காலுக்குப் பக்கத்துல. கண்டக்டர் விசிலு அதைத் தாண்டி வரணும். ஊசி குத்துற மாதிரி வரும் அப்பெல்லாம்... சாப்பிட்டீங்களா நீங்க? மணி மூணாச்சு.

மாப்பிள்ளை: பசிக்கல.

மாமனார்: எனக்கும்தான்.

மாப்பிள்ளை: மாமா, உங்ககிட்ட ஒண்ணு...

மாமனார்: சொல்லுங்க.

மாப்பிள்ளை: ...அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க.

மாமனார்: ஸ்பேனரா?

மாப்பிள்ளை: ஸ்பேனர்தான்.

மாமனார்: இந்தாங்க. வேற எதுவும் கேக்கணுமா?

மாப்பிள்ளை: இல்ல. முடிஞ்சது. ஃபியூஸ் போட்டாச்சு. ஆம்புல லைட்டு வந்துருச்சா பாருங்க.

மாமனார்: பச்சை எரியுது.

மாப்பிள்ளை: நல்லது. வாங்க, டிரைவர் சீட்ல உக்காருங்க. உங்க காதுக்குத் தக்கபடிதான் செட் பண்ணணும். கண்ணாடி எல்லாம் இறக்கியே இருக்கட்டும். முதல்ல தடிச்ச சத்தமா வரும். போகப் போக மெலிசாகும். கேக்குதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.

மாமனார்: டாக்டர் மாதிரி பேசுறீங்க.

மாப்பிள்ளை: எல்லாக் கடையிலயும் இப்படித்தான்... இது?

மாமனார்: அம்மாடி! முதுகுல கை வச்சுத் தள்ளுற மாதிரி இருக்கு. நம்பர் பிளேட்டுக்குப் பல்லு தந்தியடிக்குதே!

மாப்பிள்ளை: அதுக்கு ஸ்பாஞ்சு வச்சுக்கலாம். இது?

மாமனார்: கேக்குது. தூரத்துல லாரி வர்ற மாதிரி.

மாப்பிள்ளை: இது?

மாமனார்: நல்லாவே கேக்குது.

மாப்பிள்ளை: இது?

மாமனார்: ம்... இருக்கு. பக்கத்து வீட்ல குக்கர் வச்ச மாதிரி.

மாப்பிள்ளை: இது?

மாமனார்: ...

மாப்பிள்ளை: மாமா, இது?

மாமனார்: எது? முதல்ல போடுங்க.

மாப்பிள்ளை: ...முடிஞ்சிருச்சு மாமா. அவ்வளவுதான் சத்தம்.

மாமனார்: முடிஞ்சிருச்சா?

மாப்பிள்ளை: ம்.

மாமனார்: அப்ப எதிர்க்கடை வாசல்ல நிக்கிற அந்தம்மா ஏன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு நம்மளையே முறைக்குது?

மாப்பிள்ளை: ...நிறுத்திட்டேன்.

மாமனார்: இப்ப கையை எடுத்துட்டாங்க. ம். சரியாப் போச்சு.

மாப்பிள்ளை: மாமா, ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்ல.

மாமனார்: தெரியுது.

மாப்பிள்ளை: தடிச்ச சத்தமெல்லாம் உங்களுக்கு என்னைவிட நல்லாக் கேக்குது. இஞ்சின், லாரி எல்லாம். மெலிசா, கீச்சுன்னு வர்றதுதான் காதுல விழல. சைக்கிள் மணி, விசில்... சின்னப் பிள்ளைங்க குரல்...

மாமனார்: வாலு குரல்.

மாப்பிள்ளை: ...ஆமா.

மாமனார்: அவ பேசும்போது வாயைப் பாத்துக்கிட்டே இருப்பேன். அதுலயே பாதி புரிஞ்சிடும். ஓட்டும்போதுதான் வாயைப் பாக்க முடியாதே!

மாப்பிள்ளை: மாமா... திங்கட்கிழமை ஸ்கூல் வாசல்ல நடந்தது எனக்குத் தெரியும்.

மாமனார்: என்ன தெரியும்?

மாப்பிள்ளை: வாலுவை விட வந்தப்ப நீங்க ரிவர்ஸ் எடுத்தீங்களாம். பின்னாடி ஒரு சின்னப் பையன் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருந்தானாம். கண்ணாடியில தெரிஞ்சிருக்காது. வாசல்ல நின்ன அத்தனை பேரும் கத்தினாங்களாம். வாலு பக்கத்துல உக்காந்து தொண்டை கிழியக் கத்தியிருக்கா. நீங்க பாட்டுக்கு...

மாமனார்: வந்துக்கிட்டே இருந்தேன்.

மாப்பிள்ளை: ஹேண்ட் பிரேக்கை இழுத்தது அவதானாம்.

மாமனார்: ரெண்டு கையாலயும் இழுத்தா. ஏன்டி விளையாடுறன்னு அவளை ஒரு சத்தம் போட்டேன் மாப்ள. திட்டிட்டுத்தான் இறங்கிப் பாத்தேன்.

மாப்பிள்ளை: ஒரு சாண்தான் இருந்துச்சாமே?

மாமனார்: ஒரு சாண் கூட இல்ல. அந்தப் பையன் எழுந்து, கட்டின லேஸ் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு உள்ளே போயிட்டான். அவனுக்கு எதுவுமே தெரியாது. ஒரு அம்மா வந்து எனக்குத் தண்ணி குடுத்தாங்க.

மாப்பிள்ளை: நேத்து ராத்திரி வாலு எழுந்து உக்காந்து அழுதுக்கிட்டே சொன்னா. அதான் யாரும் தூங்கல. காலையில போன் பண்ணதும் உங்க பொண்ணுதான். ‘அப்பாகிட்டேர்ந்து வண்டியை வாங்கிடு, திருப்பிக் குடுக்காதே’ன்னு ஒரே பிடிவாதம். நாலு நாள்னு நான் சொன்னது பொய் மாமா. நாலை நாப்பதாக்கி வண்டியை இங்கேயே நிறுத்திடலாம்னு நெனச்சேன். உங்க முகத்தைப் பாத்துட்டு நாக்கு கூசிருச்சு. வேற என்ன பண்றதுன்னு தெரியாம மாட்டியும் முடிச்சிட்டேன்.

மாமனார்: நல்லாத்தான் மாட்டியிருக்கீங்க.

மாப்பிள்ளை: காது டாக்டர்கிட்ட போவோம். நானே கூட்டிட்டுப் போறேன். மெஷின் வச்சா ஓரளவு கேக்கும்.

மாமனார்: போவோம். வாலு பேசுறது கேக்கணும். ஓட்டுறதுக்கு இல்ல.

மாப்பிள்ளை: ஒண்ணே ஒண்ணு மாமா. அவ சொன்னான்னு அவகிட்ட காட்டிக்காதீங்க. ‘தாத்தாவை மாட்டி விட்டுட்டேன், இனிமே தாத்தா ஸ்கூலுக்கு வர மாட்டாரு’ன்னு அதுக்குத்தான் அழுகையே.

மாமனார்: வருவேன்னு சொல்லுங்க. பஸ்ஸுல வந்து இறங்கி, நடந்து வருவேன். கையைப் பிடிச்சுக்கிட்டுப் போறதுக்குக் காது எதுக்கு?

மாப்பிள்ளை: இப்ப... நான் எப்படிக் கேக்குறதுன்னுதான்...

மாமனார்: மாப்ள, அவளைச் சொல்லச் சொன்னதே நான்தான். அன்னிக்கே வண்டியில வச்சுச் சொன்னேன், ‘அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடு’ன்னு. மாட்டேன்னு தலையை ஆட்டினா. தினமும் போன் பண்ணி, சொன்னியா சொன்னியான்னு கேட்டேன். அதுக்குத்தான் வேலை இருக்குன்னு வச்சிடுவா. சின்னப் பிள்ளை தலையில இதைக் கட்டினோமேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு. அதான் காலையில நானே கிளம்பி வந்தேன். பத்துக் கிலோமீட்டர், மாடு நடக்குற வேகத்துல. வூஃபராவது ஒண்ணாவது! முப்பத்து நாலு வருஷம் சாவி பிடிச்ச கை, தானா நீட்ட மாட்டேங்குது மாப்ள. நீங்களாக் கேட்டு வாங்கிக்குவீங்கன்னு காலையிலேர்ந்து பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். நீங்க என்னடான்னா, ஸ்பேனரைக் கேக்குறீங்க!