வண்டி கிளம்பிடுச்சு

தொலைபேசியில் பேசிப் பிழைக்கிறவன் குளிர்ந்த தண்ணீர் குடிக்கக் கூடாது. நான் கேட்காமலே வெந்நீர் வைத்திருக்கிறீர்கள், நன்றி. இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொண்டைதான் எனக்குச் சோறு போடுகிறது. ஜலதோஷம் பிடித்த நாளில்கூட என் குரல் கம்மியதில்லை என்று பழைய மேலாளர் எழுதியே கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

முதலில் எனக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. லிஃப்ட் பழுது பார்ப்பவன் இல்லை. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மறுமுனையில் கேட்கிற குரல் நான். மாட்டிக்கொண்ட மனிதனுக்கு ஐந்தே நிமிடத்தில் உலகம் இருட்டிவிடும். கத்துவான், கதவை உதைப்பான், இடுக்கில் விரலை விட்டு நெம்புவான். இரண்டு மாடிக்கு நடுவே நிற்கிற லிஃப்ட்டை அப்படி நெம்பித் திறந்து, குதிக்கப் பார்த்து, காலை இழந்தவர்கள் உண்டு. அசையாமல் உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூடச் செத்ததில்லை. ஆகவே உட்கார வைப்பதுதான் என் வேலை. "கொஞ்சம் பொறுங்க, மெக்கானிக் கிளம்பிட்டார்" என்பேன். மெக்கானிக் அந்த நேரத்தில் தன் வீட்டில் குளித்துக்கொண்டிருப்பார். அதை எதற்குச் சொல்ல வேண்டும்? பதறாத காரியம் சிதறாது.

நோய் வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோது அலுவலகக் கட்டடங்கள் காலியாயின. லிஃப்ட்டில் மாட்டிக்கொள்ளவே ஆளில்லை. எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே வட்டார உதவி எண் தொடங்க ஆள் தேடினார்கள், நான் போய்ச் சேர்ந்தேன். நூலகத்தின் வாசிப்பறையில் ஆறு மேசை, ஆறு தொலைபேசி. அலமாரிகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். என் மேசை ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் ஆம்புலன்ஸ் வண்டிகள் நிற்கும்.

முறை எளிது. அழைப்பவரின் பெயர், முகவரி, தேவை, நேரம் நான்கையும் ஒரு சீட்டில் எழுத வேண்டும். மருந்து, மளிகைச் சீட்டுகள் அதனதன் தட்டில் போகும். ஆம்புலன்ஸ் சீட்டுகளை எல்லா மேசையிலிருந்தும் என்னிடம் கொடுத்துவிடுவார்கள். நான் அவற்றை ஜன்னல் கம்பி வழியாக டிரைவர் கையில் கொடுப்பேன். சீட்டு கைக்கு வராமல் வண்டி நகராது.

விதவிதமாகக் கூப்பிட்டார்கள். ஒருவர் முடி வெட்ட ஆள் அனுப்பச் சொன்னார். ஒரு அம்மாள், எதிர்வீட்டுக்காரரைத் தும்ம வேண்டாமென்று அதிகாரபூர்வமாகக் கண்டிக்கும்படி கேட்டார். போகப் போகச் சிரிப்பு குறைந்தது. வண்டிகள் போதவில்லை. பக்கத்து மேசையில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். வண்டி இல்லாவிட்டால் "இப்ப வண்டி இல்லம்மா, வேற எதாவது வழி பாருங்க" என்று நேராகச் சொல்லிவிடுவார். மறுமுனையில் திட்டு விழும். இவர் முகமூடிக்குள் அழுவார்.

"கிளம்பிடுச்சுன்னு சொல்லுங்க சிஸ்டர்" என்றேன் ஒருநாள்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா சார்?"

"ஆறுதல் சொல்லச் சொல்றேன்."

"அத நம்பி அவங்க உக்காந்துட்டா?"

நல்ல கேள்விதான். இல்லை என்று கேட்டவன் தெருவில் இறங்கி ஓடுவான், எவனையாவது கெஞ்சுவான், ஒரு வண்டியைப் பிடித்துவிடுவான். கிளம்பிவிட்டது என்று கேட்டவன் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அன்று மத்தியானம் வெகுநேரம் அதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனைப் பற்றிக் கேட்கிறீர்கள். நல்ல மனிதர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவர் நுழைந்தால் எந்தக் கூட்டமும் கலகலப்பாகிவிடும். எனக்கு லிஃப்ட் வேலை கிடைத்த முதல் மாதமே "பொறுங்க" என்று பெயர் வைத்தார். "பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்வாங்க. நம்ம பொறுங்க லிஃப்ட்ட ஆள்றான்" என்பார். என் குரலை அப்படியே பேசிக் காட்டுவார். அவர் மகளுக்குப் பேச்சு வந்ததும் என்னைப் "பொறுங்க சித்தப்பா" என்றுதான் கூப்பிட்டாள். கடைத்தெருவில் தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். என் உண்மையான பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

எனக்குப் பெண் பேசப் போன வீட்டிலும் அண்ணன்தான் முன்னால் உட்கார்ந்தார். அந்தப் பெண் ஓவிய ஆசிரியை. அவளிடம் ஏதாவது பேசு என்றார்கள், எனக்கு நா எழவில்லை. அண்ணன் என் குரலில் ஆரம்பித்தார். "கொஞ்சம் பொறுங்க, வார்த்தை கிளம்பிடுச்சு, வழியில வந்துகிட்டிருக்கு." வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். பச்சை உடை உடுத்தியிருந்தாள், சிரிக்கும்போது இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சுண்டுவிரலில் நீல மை ஒட்டியிருந்தது. பிறகு அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். பதினெட்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. இந்த மாதிரிச் சின்ன விஷயங்களை நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

நீங்கள் கேட்கிற அந்த நாளில், காலை பதினொன்று இருபதுக்கு என் தொலைபேசி மணி அடித்தது.

"உதவி எண்ணுங்களா? எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குதுங்க. ஆறு நாளா காய்ச்சல்."

"முகவரி சொல்லுங்க" என்றேன்.

"தம்பி? நீங்களா தம்பி? அப்பாடா. எனக்கு உயிரே வந்துச்சு. நம்ம ஆளு அங்க இருக்கும்போது எனக்கு என்ன பயம்?"

அண்ணி எனக்கு ஒரு கெடுதலும் செய்தவர்கள் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணனின் உதடு நீலமாகிவிட்டது என்றார்கள், தரையில் உட்கார்ந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், படுக்க முடியவில்லை என்றார்கள். மகள் வெளியூரில். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். நான் எல்லாவற்றையும் சீட்டில் எழுதினேன். அன்று அதிசயமாக வேறு ஆம்புலன்ஸ் சீட்டு இல்லை, முற்றத்தில் இரண்டு வண்டிகள் சும்மா நின்றன. பக்கத்து மேசை சிஸ்டர் அப்போதுதான் ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டு, "ரெண்டு படுக்கை காலி, ஆக்சிஜனோட" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். நான் என் கையைப் பார்த்தேன். அது ஆடவில்லை. சீட்டை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"வண்டி கிளம்பிடுச்சு அண்ணி. அவர அசைக்காதீங்க. நீங்க வாசல விட்டு நகராதீங்க."

பன்னிரண்டு ஐந்துக்கு மறுபடி கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் காரைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாராம். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாராம்.

"ஏத்திடட்டுமா தம்பி?"

"வேண்டாம் அண்ணி. கார்ல ஆக்சிஜன் கிடையாது. வழியில ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? வண்டி பாதி தூரம் வந்துடுச்சு."

"நீங்க சொன்னா சரி தம்பி." போனை வைக்காமலே தையல்காரரிடம், "வேண்டாங்க அண்ணே, எங்க கொழுந்தனாரே எல்லாம் பாத்துக்கறாரு" என்று சொன்னார்கள். கார்க் கதவு சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஒன்று பத்துக்கு டிரைவர் ஒருவர் ஜன்னலருகே வந்தார். "சார், எதாவது இருக்கா? ரொம்ப நேரமா சும்மா உக்காந்திருக்கோம்."

"இப்ப ஒண்ணும் இல்ல. நிழல்ல கொஞ்சம் படுங்க. ராத்திரியெல்லாம் ஓட்டியிருக்கீங்க" என்றேன். குடிக்கத் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு இரக்கம் கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஒன்றரை மணிக்கு நானே அண்ணிக்குப் போன் செய்தேன். போனை அண்ணன் காதில் வைக்கச் சொன்னேன். அவர் மூச்சு தண்ணீர் வராத குழாய் மாதிரி இழுத்து இழுத்து விட்டது. பேச வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"டேய்... பொறுங்க... வண்டி எங்கடா?"

அப்போதும் அந்தப் பெயர்தான். நான் என் வேலைக் குரலில், ஒரு சுரம் பிசகாமல், "கொஞ்சம் பொறுங்க, கிளம்பிடுச்சு" என்றேன். எத்தனையோ வருடமாக நான் இதைச் சொன்னாலே சிரிப்பவர், அன்று சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் அதைவிட நிம்மதியான ஒரு நிமிடம் எனக்கு நினைவில்லை. மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

நான் நியாயம் தெரிந்தவன். போனை வைத்ததும் எனக்குள் ஒரு முடிவு செய்துகொண்டேன். அவர் ஒரே ஒருமுறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், அந்த நிமிடமே சீட்டைக் கொடுத்துவிடுவது. மன்னிப்புகூடக் கேட்க வேண்டாம். அப்பா அம்மா வைத்த பெயர், நான்கு எழுத்து. ஒரு மனிதன் தன் சொந்த அண்ணனிடம் இதைவிடக் குறைவாக என்ன எதிர்பார்க்க முடியும்?

மூன்று ஐந்துக்கு எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகான காரியங்களில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. பிண வண்டிக்கான சீட்டை என் கையாலேயே எழுதி, வெளியே எழுந்து போய் டிரைவரிடம் கொடுத்தேன். பன்னிரண்டே நிமிடத்தில் வண்டி அண்ணன் வீட்டு வாசலில் நின்றது. அண்ணி இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, "கடைசி வரைக்கும் நீங்கதான் தம்பி எங்க கூட இருந்தீங்க" என்று அழுதார்கள். இன்றுவரை அவர்களுக்கு என்மேல் ஒரு வருத்தமும் இல்லை. தையல்காரர்தான் மனசு கேட்காமல் உங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.

உங்கள் விசாரணை அறிக்கையை நேற்று எனக்கு அனுப்பினீர்கள். வேலைப்பளுவில் சீட்டு எழுத மறந்த அலட்சியம், எச்சரித்து விட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் கூப்பிடாமல் நானாக இங்கே வந்தது அதற்காகத்தான். எச்சரிக்கையோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையில் அலட்சியம் என்ற பேச்சு வந்ததே இல்லை. இதோ அந்தச் சீட்டு. பெயர், முகவரி, தேவை, நேரம், நான்கும் இருக்கின்றன. கதவு எண்ணுக்குக் கீழே, பச்சைக் கேட் என்று அடையாளம்கூட எழுதியிருக்கிறேன். மறந்தவன் இப்படி எழுதுவானா? அலட்சியம் என்பதை அடித்துவிட்டு, தெரிந்தே, நிதானமாக, மூன்றே முக்கால் மணி நேரம் என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், இரண்டு நாற்பதுக்கு ஓர் அழைப்பு இருக்கிறது. உங்கள் காகிதத்தில் நேரம் மட்டும்தான் பதிவாகியிருக்கும், பேச்சு பதிவாகாது. அண்ணிதான் கூப்பிட்டார்கள். "தம்பி, அவர் உங்க பேரத்தான் சொல்லிகிட்டே இருக்கார். பொறுங்கன்னு இல்ல, சின்ன வயசுல கூப்பிடுவாராமே, அந்த மாதிரி, முழுப் பேர. இந்தாங்க, கேக்குதா?" என்று போனை அவர் வாயருகே பிடித்தார்கள்.

கேட்டது. மூன்று தடவை, தெளிவாகவே கேட்டது. வண்டி தெருமுனை திரும்பிவிட்டது என்று சொன்னேன்.