மூன்று நாள் கொட்டாத கூடு

சிவசாமி பிரியந்தி, வயது 18, உயர்தர வகுப்பு மாணவி, வட்டகொடைக்கு மேலேயுள்ள பூஞ்சோலைத் தோட்டம், மேற்பிரிவு, ஆறாம் இலக்க லயத்தில் வசிப்பவர், தமிழில் கூறுவதாவது:

குளவி கொட்டி இறந்த வீரம்மா என் தாயார். அந்தக் கூட்டைக் கலைத்தார் என்ற சந்தேகத்தில் பொலிஸ் காவலில் இருக்கும் மாயாண்டி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருப்பவர், உறவினர் அல்லர். நான் பாடசாலையில் அளவையியல், அதாவது தர்க்கம், படிக்கிறேன். ஆகவே கண்டதைக் கண்டதாகவும் நினைத்ததை நினைத்ததாகவும் பிரித்துச் சொல்கிறேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை பாடசாலை விடுமுறை என்பதால் காலையில் அம்மாவுக்குத் தேநீர் கொண்டு, அவர் கொழுந்து பறிக்கும் மலைக்குப் போனேன். அப்போது அம்மா சவுக்கு மரத்துக்குக் கீழே உள்ள தேயிலை நிரைக்குள் போகாமல் கூடையோடு ஓரமாக நின்றார். மரத்தில் குளவிக்கூடு இருந்தது. கூடு இருக்கும் மரத்தடியில் கொழுந்து பறிக்க விடக் கூடாது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விதி. வேலையை மேற்பார்வை செய்யும் கண்டாக்கு முத்துலிங்கம் ஐயா, "மூணு நாளா அதுக்குக் கீழதானே பறிச்சீங்க? கொட்டுச்சா? போங்க, போங்க" என்றார். அம்மா என்னிடம் திரும்பி, "ஒம் பொஸ்தகத்துல இதுக்கு என்னா போட்டிருக்கு?" என்று கேட்டார். இது தொகுத்தறி முறை, மூன்று நாள் கொட்டாததால் நாலாம் நாளும் கொட்டாது என்பது நிச்சயமில்லை என்று சொன்னேன். "அத ஐயாகிட்ட சொல்லுடி" என்றார். நான் போய்ச் சொன்னேன். அவர், "டீச்சரம்மா வந்துட்டாங்க, நாளைக்குக் காலைல பெரட்டுல ஆளுகளுக்கு இவங்களே வேல பிரிக்கட்டும்" என்றார். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அதன் பின்னர் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை இறுக்கிக்கொண்டு நிரைக்குள் இறங்கினார்.

அதன் பின்னர் நான் கீழே மழைநீர்க் கான் வெட்டிக்கொண்டிருந்த மாயாண்டிக்கு மீதித் தேநீரைக் கொடுத்தேன். அவர் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, "சீனி போட மறந்துட்டியா தாயி?" என்று கேட்கும்போதே மேலே குளவிகள் கிளம்பிவிட்டன. அவர் கோப்பையைப் போட்டுவிட்டு மேலே ஓடி, அம்மாவின் மேல் சாக்கைப் போர்த்தி இழுத்து வந்தார். மாயாண்டியின் முகத்திலும் கொட்டியிருந்தது. அதன் பின்னர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் லொறியிலேயே அம்மாவின் மூச்சு நின்றது. விரல்களுக்கிடையில் கொழுந்து அப்படியே இருந்தது.

கூட்டைக் கலைத்தது யார், அல்லது எது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் குளவி என்று சொல்வது மலைத்தேனீயை; அதன் தேனை எடுப்பதற்காக மாயாண்டி முன்பு பல கூடுகளைக் கலைத்தது உண்மை. ஆனால் கலைக்கிறவர் கூட்டின் அருகில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மாயாண்டி என் அருகில் இருந்தார். எனவே அவர் கலைக்கவில்லை. இது உய்த்தறி முறை. முதல் இரண்டும் உண்மையானால் மூன்றாவது தவறாது. இதைச் சொன்னபோது, இந்த வாக்குமூலத்தை எழுதும் பொலிஸ் உத்தியோகத்தர் ஐயா, "எப்பவும் அவன்தானே செய்றது" என்றார். அதையும் எழுதும்படி கேட்டுக்கொண்டேன். லயத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள். கண்டாக்கு ஐயா அன்று அம்மாவிடம் சொன்னதும் இதே மாதிரிப் பேச்சுத்தான்.

இன்று இங்கே வரும் வழியில் அந்த மலையைப் பார்த்தேன். கூடு அங்கேயே இருக்கிறது. அதற்குக் கீழே கொழுந்து பறிக்கிறார்கள். யாரையும் கொட்டவில்லை.

மேலே எழுதப்பட்டதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். கண்டதாகச் சொன்னவை எல்லாம் நான் கண்டவையே என்று ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சி. பிரியந்தி