கணக்கு டீச்சரின் மேற்படிப்பு

கால அட்டவணை போடுவதில் எனக்கு ஒரு ருசி உண்டு, ஐயா. மற்ற தலைமையாசிரியர்கள் அதை யாராவது இளிச்சவாயர் தலையில் கட்டிவிடுவார்கள். நான் பென்சிலும் ரப்பருமாக இரண்டு நாள் உட்கார்ந்து நானே போடுவேன்.

எங்கள் துறையில் ஓர் ஆசிரியர் சம்பளத்தோடு விடுப்பு எடுத்து மேற்படிப்புக்குப் போக வேண்டுமென்றால், தலைமையாசிரியர் ஒரு திட்டம் தர வேண்டும். அவர் இல்லாத இரண்டு வருடமும் எந்த வகுப்பை யார் எடுப்பார் என்று பீரியட் வாரியாக எழுதி, விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டும். அது இல்லையென்றால் இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கணக்கு டீச்சர் முதலில் கேட்டபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. பத்தாம் வகுப்பில் கணக்கில் ஒரு பிள்ளைகூடத் தவறுவதில்லை என்று எங்கள் பள்ளிக்கு இருந்த பெயர் அவரால் வந்தது. அவர் போய்விட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. எனவே திட்டம் போட்டேன். ஒரு பீரியட்கூட இடிக்காமல் அருமையாக வந்தது. கண் கலங்கக் கையெழுத்துப் போட்டார். அதை அனுப்பாமல் என் மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, இடமில்லை என்று இயக்குநர் பெயரில் ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். அவருடைய கையெழுத்து ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சுற்றறிக்கைகளில் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான்.

"பரவாயில்ல சார், அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார் டீச்சர், அதைப் படித்துவிட்டு.

சொன்னபடியே வந்தார். இடமில்லை என்பதோடு ஓய மாட்டார் என்று புரிந்தது. ஒருநாள் மதிய இடைவேளையில் என்னிடம் மனம்விட்டுச் சொல்லியிருந்தார்: "பாடம் நடத்தறேனே தவிர, எனக்கு ஆழமா ஒண்ணுமே தெரியாதோன்னு உள்ளுக்குள்ள பயமா இருக்கு சார்." அதையே எடுத்துக்கொண்டேன். விண்ணப்பத்தோடு அவர் எழுதிய கட்டுரையைக் குறிப்பிட்டு, பாட அறிவில் ஆழம் போதாது என்று எழுதினேன். அடுத்த வருடம், அடிப்படையிலேயே குறை தெரிகிறது என்று எழுதினேன்.

ஒவ்வொரு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு என் அறைக்குத்தான் வருவார். உட்காரவைத்து, டீ வரவழைத்து, ஆறுதல் சொல்வேன்.

"நீங்க இருக்கறதாலதான் சார் தாக்குப்பிடிக்கிறேன்" என்பார்.

ஆறாவது கடிதத்துக்குப் பிறகு அவர் கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு விடைப்புத்தகம் கையில் இல்லாமல் வகுப்புக்குள் நுழைய மாட்டார் என்றாகிவிட்டது. நான்கு மாதத்துக்கு முன், இரண்டாவது வரி எப்படி வந்தது என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். பலகைப் பக்கம் திரும்பியவர் மணி அடிக்கும்வரை அப்படியே நின்றாராம். பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் அதை வாங்கிப்போக, தையல்காரரான அவர் கணவர் வந்தார்.

"பாப்பா வீட்டுப்பாடம் கேட்டாக்கூட, எனக்குத் தெரியாது, வேற யாரையாவது கேளுங்கிறா சார். மூணாங்கிளாஸ் கூட்டல்."

அவருக்கும் டீ வரவழைத்தேன்.

அதன்பின் பள்ளிக்கே வராத டீச்சரின் வகுப்புகளுக்கு, முதல் வருடம் போட்ட திட்டத்தையே இரண்டு பெயர் மாற்றி ஓட்டுகிறேன். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் யாரும் தவறவில்லை. அந்தத் திட்டத்தை வெளியே எடுத்த அன்று இழுப்பறையைப் பூட்ட மறந்துவிட்டேன். எழுத்தர் மற்ற ஐந்து விண்ணப்பங்களையும் பார்த்துவிட்டார். அதனால்தான் நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள்.

ஆறு கடிதமும் நான் எழுதியவை. மறுக்கவில்லை. ஆனால் ஒரு காரியத்தைப் பாதியில் விடுகிறவன் நானில்லை. ஏழாவதாக ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். அவர் தேர்வாகிவிட்டார் என்றும், அவருடைய பாட அறிவு வியக்கத்தக்கது என்றும் அதில் இருக்கிறது. கையெழுத்தும் கச்சிதமாக வந்திருக்கிறது. இயக்குநர் அலுவலகத்திலிருந்து வந்ததென்று சொல்லி அவரிடம் கொடுத்துவிடுங்கள், ஐயா. படித்ததும் தேறிவிடுவார்.