சட்டையில் ஒட்டிய புள்ளிகள்

வீடியோ கேம் வேலை கற்க நினைப்பவர்களுக்கு இணையத்தில் பாடத்துக்குப் பஞ்சமே இல்லை, ஐயா. தண்ணீர் எப்படி அலையடிக்கும், துணி எப்படி மடியும், எல்லாவற்றுக்கும் இலவச வீடியோ இருக்கிறது. நானும் அப்படிப் படித்து மேலே வந்தவன்தான். ஓவியர்கள் வரைந்து தருகிற ஆளைக் கணினிக்குள் நிஜ ஆள்போல நடக்கவும் விழவும் வைப்பது என் வேலை. டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் என்பார்கள்.

என் அப்பாவும் அம்மாவும் கட்டட வேலையில் கல் சுமந்தவர்கள். அதனாலேயே, சாரத்திலிருந்து ஒரு கொத்தனார் விழும் காட்சியை என் தலையில் கட்டினார்கள். திரும்பத் திரும்பச் செய்தேன். எங்கள் லீடர் திரும்பத் திரும்பத் தள்ளினார்.

“என்னப்பா, தலகாணி விழற மாதிரி இருக்கு. ஆளுக்கு எலும்பே இல்லையா? அடுத்ததும் இப்படின்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

“இவரு கட்டடத்துலயே வளந்தவராம்,” என்றது பக்கத்து மேசை. எல்லோரும் சிரித்தார்கள்.

மறுபடி இணையத்தில் தேடினேன். ஸ்டண்ட் ஆட்கள்தான் கிடைத்தார்கள். விழப்போவது தெரிந்தவன் உடம்பு காற்றிலேயே தயாராகிவிடும், ஐயா. தெரியாதவன் கை முதலில் எங்கே போகும் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

அக்கா வீட்டுக்காரர் கொத்தனார். வேலை செய்வதைப் படம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். சட்டையில் தோள், முழங்கை, இடுப்பு என்று மூட்டுக்கு மூட்டு வெள்ளைப் புள்ளி ஒட்டினேன். கணினி உடம்பைப் பின்தொடர அதுதான் வழி. அந்தப் புள்ளிகள்தான் உங்கள் கண்ணை உறுத்தியதாகச் சொன்னீர்கள்.

“புள்ளிமான் ஆக்கிட்டியே மாப்ள. உங்க அக்கா பாத்தா வீட்டுக்குள்ள விடமாட்டா.”

“கேம் வரட்டும் மாமா, ஊரே உங்களைப் பாக்கும்.”

“அப்போ தொப்பையைக் கொஞ்சம் குறைச்சுப் போடு.”

அவ்வளவு நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

அவர் பூசிய சுவரைப் பார்க்காமல் இரண்டு கேமராவும் வெறும் காற்றைப் பார்த்து நின்றது ஏன் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அவர் சாப்பிட இறங்கியபோது மேலே போய், அவர் நின்று பூசும் சாரப் பலகையின் ஒரு முனைக் கயிற்றுக்கட்டைத் தளர்த்தினேன். முழுக்க அவிழ்க்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கீழே மணல் குவிந்திருந்தது. கை கால் முறியும், வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மணல் ஒரு கேமராவை மறைத்தது. அதை வேறு பக்கம் அள்ளிப் போடும்படி ஆட்களிடம் சொன்னேன்.

விழும்போது அவர் எதையும் பிடிக்கப் பார்க்கவில்லை, ஐயா. கையிலிருந்த பூச்சுக் கரண்டியை இன்னும் கெட்டியாகப் பிடித்தார். இதை யார் கற்றுத்தர முடியும்? கணினியில் அந்தக் காட்சியை லீடர் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். பக்கத்து மேசையும் சிரிக்கவில்லை.

ஒரே ஒரு தடவைதான் செய்தேன். வேலைக்காக ஒருவரைத் துன்பப்படுத்துவது அதோடு சரி. அவர் விழுந்த அன்றே, ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவிடம் போய் அவர் இறந்துவிட்டார் என்று சொல்லவேண்டிய பொறுப்பும் என்மேல்தான் விழுந்தது. நின்றபடி கேட்டால் தாங்கமாட்டாள் என்று, கையைப் பிடித்து ஜன்னலோரம் உட்காரவைத்துப் பக்குவமாகத்தான் சொன்னேன். சட்டைப் பையில் கேமரா ஓடிக்கொண்டிருந்த போனுக்கு, அங்கேதான் அவள் முகம் வெளிச்சமாகக் கிடைத்தது.