தில்லைநாயகி அக்காவின் மூன்று விநாடி

விழாத் தலைவர் இராஜேந்திரன் அவர்களே! வேலை முடிந்த கையோடு விரைந்து வந்த அண்ணன்மாரே! தொடருந்து பிந்தியும் தொய்யாமல் வந்து சேர்ந்த தாய்மாரே! முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்ட எங்கள் அணியின் முத்துகளே! பாரிஸ் லா சப்பல் மண்டபம் நிறைந்த மக்களே! மாலை வணக்கம்.

எனக்கு முன் ஐந்து பேர் பேசினார்கள். தில்லைநாயகி அக்காவைச் சிகரம் என்றார்கள், சிங்கம் என்றார்கள், சூரியன் என்றார்கள். அவர் என்ன செய்தார் என்று ஒருவராவது சொன்னார்களா? நான் லிப்ட் திருத்துகிற பொறியியலாளன். ஒரு பொருள் எப்படி ஓடுகிறது என்று சொல்லாமல் எனக்கு மேடையை விட்டு இறங்கத் தெரியாது.

நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரே மனிதர் இலையுதிர்காலத்தில் அவர்களுடைய கால்பந்தையும், பனிக்காலத்தில் கூடைப்பந்தையும் பழக்குவாராம். இரண்டு பயிற்சியாளருக்கு வசதியில்லை. எங்களுக்கு மட்டும் இருந்ததா? 2009இல் பாரிஸ் புறநகர் சார்செல்லில் பதினொரு பெண்பிள்ளைகளைச் சேர்த்து அக்கா கால்பந்து தொடங்கினார். கிழமை நாட்களில் பாடசாலைச் சமையலறையில் வேலை. சனிக்கிழமை திடலில் விசில். மார்கழியில் திடல் உறைந்தது. நம் சங்கத்துக்குச் சனிக்கிழமைகளில் கிடைத்த உள்ளரங்கத்துக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போய், இனிக் கூடைப்பந்து என்றார்.

அவருக்குக் கூடைப்பந்து தெரியுமா? தெரியாது! யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலையில் அவர் ஆடியது வலைப்பந்து. அதிலும் வளையத்துக்குள்தான் பந்தைப் போட வேண்டும், ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. மூன்று விநாடிக்குள் அடுத்தவளுக்கு எறிந்துவிட வேண்டும். பந்து வைத்திருப்பவளை மறிப்பதென்றால் மூன்று அடி தள்ளி நிற்க வேண்டும். இரண்டும் ஒரே விளையாட்டு என்று நினைத்து, அதையே பழக்கினார்.

முதல் ஆட்டம். மாணவனாக இருந்த நான் புள்ளி எழுதும் மேசையில், விதிப்புத்தகத்தோடு. எதிரணி பாய்ந்து வருகிறது. எங்கள் பிள்ளைகளோ மூன்று அடி தள்ளி, கையை உயர்த்தி, மரியாதையாக நிற்கிறார்கள். கலியாண வீட்டு வாசலில்கூட அப்படி ஒரு வரவேற்பு கிடைக்காது! பின்வரிசையில் ஒரு அண்ணை கேட்கிறார், எத்தனைக்கு எத்தனை என்று. ஐம்பத்திரண்டுக்கு நான்கு, அண்ணை. சிரியுங்கள். நானும் சிரித்தேன்.

ஆட்டம் முடிந்ததும் போய்ச் சொன்னேன்: "அக்கா, இது வேறை விளையாட்டு. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம்."

"அப்ப ஏன் தம்பி முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

"இப்ப கேக்கிறன். புத்தகத்தை வாசி."

வாசித்தேன். ஆனாலும் தோல்விமேல் தோல்வி, ஏழு தோல்வி. தை மாதம் சங்க நிர்வாகம் கூடியது. பங்குனி முடியுமுன் ஒரு வெற்றியாவது வராவிட்டால், உள்ளரங்கத்தின் அந்தச் சனிக்கிழமை நேரம் ஆண்களின் பூப்பந்துக்கு! அன்று கை உயர்த்தியவர்களில் மூன்று பேர் இதே மேடையில் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். தலைவர் தண்ணீர் குடிக்கிறார், குடிக்கட்டும்.

அக்கா என்ன செய்தார்? மூன்று அடியை விட்டார். மூன்று விநாடியை விடவில்லை! தட்டினால் ஒருத்திதான் ஓடுவாள், எறிந்தால் ஐந்து பேரும் ஓடவேண்டும் என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. மணிக்கூட்டை எடுத்து அளந்தேன். அரங்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தட்டி ஓட ஐந்து விநாடி. எறிந்தால் மூன்றுக்கும் குறைவு.

பங்குனியின் கடைசிச் சனி. கடைசி ஆட்டம். ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம். பத்து விநாடி மிச்சம். அணித்தலைவி சாம்பவியின் கையில் பந்து, அவளைச் சுற்றி மூன்று பேர். கூடைக்கு எறி, எறி என்று அரங்கமே கத்துகிறது. அக்கா மட்டும் எண்ணுகிறார்: "ஒண்டு... ரெண்டு..."

மூன்று வருமுன் பந்து சாம்பவியிடம் இல்லை! அந்தப் பருவம் முழுவதும் ஒரு புள்ளிகூடப் போடாத கோசலையிடம் இருந்தது. அடுத்த கணம் கூடைக்குள் இருந்தது. முப்பத்தொன்றுக்கு முப்பது!

அந்தச் சனிக்கிழமை பத்து ஆண்டுகளாக எங்களுடையது. இன்று அக்கா தன் விசிலைச் சாம்பவியிடம் கொடுக்கிறார். இன்னும் ஐந்து வருடம் இருங்கள் என்று நிர்வாகம் கெஞ்சியது. ஆம், அதே நிர்வாகம்! அவர் சொன்ன பதிலோடு முடிக்கிறேன்:

"பத்து வருசமாப் பந்து என்ரை கையிலை. அந்தச் சட்டம் எனக்கில்லையோ?"

நிர்வாக நாற்காலியில் பதினான்கு வருடமாக இருக்கிற பெரியோரே, காதில் விழுந்ததா? கை தட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. பொறுமையோடு கேட்ட எல்லோருக்கும் நன்றி. சாம்பவி, எழும்பி வா. ஒலிவாங்கி என் கையில் கனநேரமாக இருக்கிறது. பிடி! வணக்கம்.