துரை வீட்டுக் கிளியின் சீட்டி

என் கிளிக்கு என் பெயரைச் சொல்லித்தர ஒரு வருஷம் பாடுபட்டு, கடைசியில் கீச்சிடக் கற்றுக்கொண்டவன் நான். அதனால் ராகலை பஸ்ஸில் முன்சீட்டில் கிளிப் பேச்சு வந்ததும் காதைக் கொடுத்தேன். தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமைக்கும் ஒருவர், கொழுந்து பறிக்கும் தம் தங்கையிடம் முணுமுணுத்தார்.

"துரையோட கொண்டைக்கிளிக்குச் சீட்டி பழக்கிட்டேன், தங்கச்சி."

"எந்தச் சீட்டிண்ணே?"

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதானே. துரை வர்றாருன்னு மலையில நீங்க அடிப்பீங்களே, அதுதான்."

"அடப்பாவிண்ணே!"

"அவரு கால்ல சப்பாத்து மாட்டுனா போதும், அடிக்குது. ரசிச்சுக் கேக்குறாரு. நாளைக்கு மலையில நீங்களும் அடிச்சீங்கன்னா அவருக்கு வெளங்கிரும். என் வேலை போயிரும்."

"அடிக்காட்டி அவரு வர்றது எங்களுக்கு எப்புடித் தெரியும்?"



வீட்டில் இதைச் சொன்னேன்.

"வேலையே போற அளவுக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காரு. நீங்களும் இருக்கீங்களே!" என்றாள் மனைவி.